ஊமையான பெட்டியும் உள்ளிருக்கும் குரலும்

தொலைக்காட்சியிலே படம் சற்று மங்கினால் வீட்டார் பொறுத்துக்கொள்வர். நிறம் வெளிறினாலும், ஓரத்தில் ஒரு கோடு விழுந்தாலும், "இருக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிடுவர். பேச்சு நின்றுவிட்டாலோ நிலைமை வேறு. செய்தி வாசிப்பவர் வாயசைக்க, ஓசை ஒன்றும் வராமற் போகுமாயின், அந்தப் பெட்டிக்கு முன்னால் ஐந்து நிமிடம் அமர்ந்திருக்க எவராலும் இயலாது. கண்ணுக்கு விருந்தளிக்கும் கருவி என்று நாம் இதனைச் சொல்லி வந்தாலும், உண்மையில் இதனைத் தாங்கி நிற்பது காதேயாகும். அடுக்களையில் வேலையாய் நிற்கும் தாய் செய்தியைக் கேட்கிறாள், பார்ப்பதில்லை. பாயில் சாய்ந்திருக்கும் முதியவர் கண்ணை மூடிக்கொண்டே நாடகத்தைத் தொடர்கிறார்.

நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் பெட்டிகள் வீடுகளுக்கு வந்த பின்னர் இவ்வுண்மை இன்னும் கூர்மையாகப் புலப்படுகின்றது. நேரடி ஒளிபரப்பில் ஓசை நின்றால் அன்றைய நிகழ்ச்சி போயிற்று. நாளை வேறொன்று வரும். பதிந்து வைத்த நிகழ்ச்சியில் ஓசை நின்றால், இனி அது கிடைக்கவே கிடைக்காதோ என்ற அச்சம் பிடித்துக்கொள்கிறது. அந்த அச்சத்திலே அவசரப்பட்டுச் செய்யும் காரியங்கள்தாம், பழுதைக் காட்டிலும் பெரிய இழப்பை உண்டாக்குகின்றன.

பதிவுப்பெட்டி என்று இங்கே நான் குறிப்பது, டிஷ் அன்ரெனாவிலிருந்தோ கேபிளிலிருந்தோ வரும் ஒளிபரப்பை வாங்கி, உள்ளே இருக்கும் வன்தட்டிலோ வெளியே செருகிய யூ.எஸ்.பி. தட்டிலோ எழுதி வைத்து, வேண்டியபோது திரும்பக் காட்டும் கருவியை. அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே ரீ.வி. என்னும் பெயர்களோடு இத்தகைய பெட்டிகள் 1999ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. நம் நாட்டுக்குத் தொலைக்காட்சியே 1979 ஏப்ரில் 13ஆந் திகதி வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆந் திகதி தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அக்காலத்திலே கிண்ணியாவுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுசெல்வதென்றால், அதனைத் துணியாற் சுற்றி, பாதையில் ஏற்றி, கடல்நீர் தெறியாமல் மடியில் வைத்துக் காத்து அக்கரை சேர்க்க வேண்டும். (பாதை என்பது வழியன்று, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு துறைகடக்கும் மிதவை. திருகோணமலையார்க்கு இதனைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்க்காகச் சொன்னேன்.) 2009 ஒக்ரோபர் 20ஆந் திகதி 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் பெட்டிகளும் டிஷ்களும் லொறியிலேயே வீட்டுவாசலுக்கு வந்தன. கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகள் அனுப்புவனவும், விடுமுறையில் கையோடு கொண்டுவருவனவும் பல.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இப்பெட்டிகளுக்கு எதிர்பாராத ஒரு மதிப்பு ஏற்பட்டது. நேத்ரா அலைவரிசையில் தமிழ்மொழி மூலப் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஒருமுறை கேட்டு விளங்காத கணிதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க முடிந்தது, பதிவுப்பெட்டி உடைய வீட்டுப் பிள்ளைகளுக்கே. ஓசையில்லாத கணிதபாடம் எத்துணைப் பயன் தரும் என்பதை ஆசிரியனாகிய நான் விளக்க வேண்டியதில்லை. கரும்பலகையில் எழுதுவது பாதி. எழுதும்போது சொல்வது மறுபாதி.

படமும் ஓசையும் ஒரு தாய் பிள்ளைகள் அல்ல

ஓசைப் பழுதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு செய்தியை மனத்திற் கொண்டாற் போதும். நாம் ஒன்றாகக் காணும் படமும் பேச்சும், தொலைக்காட்சி தோன்றிய நாள் முதலாக வெவ்வேறு வழியாகவே பயணம் செய்து வந்திருக்கின்றன. பெட்டிக்குள் வந்த பின்னரே அவை சேர்த்துக் கட்டப்படுகின்றன.

பழைய வானலை முறையிலே இலங்கையில் நாம் பின்பற்றிய ஏற்பாட்டின்படி, படத்தைச் சுமக்கும் அலைக்கு 5.5 மெகாஹேட்ஸ் மேலே தனியான ஓர் அலை ஓசையைச் சுமந்து வந்தது. பிரித்தானிய முறையில் இந்த இடைவெளி 6 மெகாஹேட்ஸ்; சீனாவில் 6.5. ஆகையால் அவ்விடங்களுக்கென்று செய்த பெட்டியை இங்கே கொண்டுவந்து வைத்தால், படம் அழகாகத் தெரியும், ஓசை வராது. பெட்டி பழுது என்று அக்காலத்தில் ஒதுக்கி மூலையிற் போட்டவற்றுட் சில பழுதே அற்றவை. காது வைத்த இடம் பிழை, அவ்வளவுதான்.

பின்னர் வந்த வீ.எச்.எஸ். நாடாவிலும் இதுவே கதை. அரை அங்குல அகலமுள்ள அந்த நாடாவின் நடுப்பகுதி முழுவதையும் படம் சாய்கோடுகளாக நிரப்பிக்கொண்டது. ஓசைக்குக் கிடைத்த இடம் மேல் விளிம்பில் ஒரு மில்லிமீற்றர் அளவான ஒடுங்கிய வரி. அதனைப் படிக்கும் தலையும் வேறு. படத்தைப் படிக்கும் தலைகள் சுழல, ஓசைத் தலை அசையாமல் நின்றது. நாடாவின் விளிம்பு கசங்கினால் அல்லது பூஞ்சணம் பிடித்தால் முதலிற் போவது பேச்சு. கல்யாண வீட்டு நாடாக்களிலே மணமக்கள் பளிச்சென்று தெரிய, வாழ்த்துரைகள் மட்டும் நீருக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டதற்கு இதுவே காரணம்.

இன்றைய எண்முறை ஒளிபரப்போ ஒரு பொதிவண்டித் தொடர் போன்றது. எல்லாச் செய்தியும் 188 பைற்று அளவுள்ள சிறுசிறு பொதிகளாகக் கட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றது. ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் ஓர் இலக்கச் சீட்டு உண்டு. இது படப்பொதி, இது தமிழ்ப் பேச்சுப்பொதி, இது ஆங்கிலப் பேச்சுப்பொதி என்று அந்த இலக்கத்தைக் கொண்டே பெட்டி பிரித்தறியும். பழைய கிண்ணியாப் பாதையிலே ஒரே மிதவையில் மீன்கூடையும் அரிசிமூடையும் தபாற்பையும் வந்து, துறையடியில் அவரவர் தத்தம் சரக்கை எடுத்துக்கொண்டு போனதை நினைத்துப் பாருங்கள். தபாற்காரர் அன்று வராவிட்டால் மீன்கூடை போய்ச் சேரும். கடிதம் மட்டும் துறையிலே கிடக்கும். கடிதம் தொலைந்துவிட்டதென்று அதற்குப் பொருளில்லை.

பதிவுப்பெட்டி பெரும்பாலும் இந்தப் பொதிகளை வந்தது வந்தபடியே தட்டில் எழுதி வைக்கிறது. பேச்சை அவிழ்த்துக் கேட்டுப் பார்த்து எழுதுவதில்லை. ஆகவே, இன்று திரையிலே ஓசை வராதது, ஓசை பதியப்படவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. அது தட்டில் முழுதாகக் கிடக்கலாம்; அவிழ்ப்பவனிடத்திலோ, கொண்டுசெல்லும் கம்பியிலோ, கேட்கவைக்கும் பெட்டியிலோ குறை இருக்கலாம்.

ஒரு வீட்டில் நடந்தது

கிண்ணியாவிலே எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம். அவ்வீட்டு மூத்தவாப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். தமிழிலே நல்ல புலமை உடையவர். ஒரு நோன்பு மாதத்தில் தொலைக்காட்சியில் ஐம்பது நிமிட உரையாடல் ஒன்றிற் கலந்துகொண்டார். வீட்டார் அதனைப் பதிவுப்பெட்டியிற் பதிந்து வைத்தனர். அடுத்த ஆண்டு அவர் காலமானார். அவருடைய குரல் வேறெங்கும் பதியப்பட்டிருக்கவில்லை. நிழற்படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. குரல் இந்த ஒன்றே.

மகன் கட்டாரிலிருந்து பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பினார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, மூத்தவாப்பாவின் உரையைப் போட்டால், படம் வருகிறது, குரல் இல்லை. வேறு அலைவரிசைகள் பேசுகின்றன; பதிந்த பாடங்கள் பேசுகின்றன; இந்த உரை மட்டும் ஊமை. திருத்துபவர் ஒருவர் வந்து பார்த்து, தட்டிலே அந்தப் பகுதி கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோனாற்றான் பெட்டி சரிவரும் என்றார். மறுநாள் வந்து செய்வதாகச் சொல்லிப் போனார்.

அவ்வீட்டுப் பேத்தி க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பவள். அன்றிரவு எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "சேர், அழிச்சா மூத்தவாப்பாட பேச்சும் போயிரும்தானே?" என்று கேட்டாள். போய்விடும் என்றேன். பிறகு அவளிடம் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். உரை ஒளிபரப்பான அதே அலைவரிசையை நேரடியாகப் போட்டுப் பார்க்கும்படி சொன்னேன். சிறிது நேரத்தில் மறுமொழி வந்தது: "லைவா பார்த்தாலும் அந்தச் சனலுக்குச் சத்தமே இல்ல, சேர்."

அவ்வளவிலே வழக்குத் தீர்ந்தது எனலாம். தட்டிலே அந்தப் பகுதி கெட்டிருந்தால், நேரடி ஒளிபரப்பு ஏன் ஊமையாக வேண்டும்? தட்டுக்கும் நேரடி ஒளிபரப்புக்கும் தொடர்பில்லையே! குறை, பதிவிலன்று, வழியில்.

நடந்தது இதுதான். பழைய தொலைக்காட்சி மூன்று நிறக் கம்பிகளாற் பெட்டியோடு இணைக்கப்பட்டிருந்தது. மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் இடப்பக்க வலப்பக்க ஓசைக்கு. அந்தக் கம்பிகளிலே செல்வதற்கு முன்னர், பதிவுப்பெட்டி தானே பொதியை அவிழ்த்து ஓசையாக்கிக் கொடுத்தாக வேண்டும். புதிய தொலைக்காட்சியோ எச்.டி.எம்.ஐ. என்னும் ஒற்றைக் கம்பியால் இணைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் வகுக்கப்பட்ட இவ்வகைக் கம்பி, படத்தையும் ஓசையையும் ஒருசேரக் கொண்டுசெல்வது. இதிலே ஓசையை இருவகையாக அனுப்பலாம். அவிழ்த்து எளிய எண்வரிசையாக அனுப்புவது ஒன்று. இதனை அமைப்புப் பட்டியலில் பி.சி.எம். என்று எழுதியிருக்கும். அவிழ்க்காமல், டொல்பி டிஜிற்றல் போன்ற சுருக்கெழுத்திலேயே அனுப்பி, "நீயே வாசித்துக்கொள்" என்று தொலைக்காட்சியிடம் விட்டுவிடுவது மற்றையது. இதற்குப் பிற்ஸ்ரிறீம் என்றோ, ஓட்டோ என்றோ, றோ என்றோ பெயர் இருக்கும். மூத்தவாப்பா பேசிய அலைவரிசை சுருக்கெழுத்திலே ஓசையை அனுப்பியது. புதிய தொலைக்காட்சி அளவிற் பெரிதாயினும் அந்தச் சுருக்கெழுத்தை வாசிக்கத் தெரியாதது. வேறு அலைவரிசைகள் எளிய முறையில் அனுப்பியமையால் அவை பேசின.

பெட்டியின் அமைப்புப் பட்டியலில் ஒலி என்னும் பகுதிக்குட் சென்று, எச்.டி.எம்.ஐ. வெளியீட்டைப் பி.சி.எம். என்று மாற்றச் சொன்னேன். தொலைபேசியினூடாகவே எனக்கு முதலிற் கேட்டது அந்த முதியவரின் செருமல். பிறகு அவருடைய தமிழ். மூத்தம்மாவை யாரோ கூப்பிடும் ஓசையும் கேட்டது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

திருத்துபவரைக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. அவர் நாளொன்றுக்குப் பத்து வீடு ஏறி இறங்குபவர். அழித்து மீள ஏற்றினாற் பல பழுதுகள் போகும் என்பதும் மெய். ஆனால் அவருக்கு அது பெட்டி. வீட்டாருக்கு அது பெட்டியன்று.

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி

அப்பெண்பிள்ளை செய்தது எவரும் செய்யத்தக்கது. ஓசை இல்லையென்றவுடன் கம்பிகளைப் பிடுங்காமலும், றிமோட்டிலே கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தாமலும், இது எங்கே இல்லை, எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நேரடி ஒளிபரப்பில் உண்டா? பதிந்தவற்றுள் எல்லாவற்றிலும் இல்லையா, ஒன்றில் மட்டும் இல்லையா? பெட்டியை விட்டு, தொலைக்காட்சியின் சொந்த அன்ரெனாவிலோ யூ.எஸ்.பி. பாட்டிலோ ஓசை வருகிறதா? எங்கும் ஓசை இல்லையென்றால் குறை தொலைக்காட்சியிலோ கம்பியிலோ. ஓர் அலைவரிசையில் நேரடியாகவும் பதிவிலும் ஒருங்கே இல்லையென்றால் அது ஓசையின் எழுத்துமுறை பற்றியது. நேரடியில் நன்றாயிருந்து ஒரேயொரு பதிவில் மட்டும் இல்லையென்றாற்றான் அந்தப் பதிவை ஐயுற வேண்டும். அப்போதுங்கூட உடனே கைவிடலாகாது. றிமோட்டில் ஓடியோ அல்லது மொழி என்று எழுதிய பொத்தானை அழுத்திப் பாருங்கள். இருமொழி ஒளிபரப்பில், வெறுமையாக வந்த இரண்டாம் மொழிப் பொதியைப் பெட்டி தேர்ந்துகொண்டிருக்கலாம். தமிழ் பக்கத்திலேயே காத்திருக்கும்.

இன்னொரு விந்தையும் உண்டு. சில ஒளிபரப்புகளில் இடப்பக்கத்தில் ஒரு மொழியும் வலப்பக்கத்தில் இன்னொரு மொழியுமாக அனுப்புவர். பெட்டி இரண்டையும் சேர்த்து விட்டால் இருவர் ஒருங்கே பேசுவதுபோல் இருக்கும். ஸ்ரீரியோ என்பதை இடம் என்றோ வலம் என்றோ மாற்றினால் ஒருவர் வாய் மூடுவார். பார்வையற்றோர்க்காகக் காட்சியை விவரிக்கும் தனிக்குரலை உடைய வெளிநாட்டு நிகழ்ச்சிகளும் உள. "அவன் கதவைத் திறக்கிறான்" என்ற கருத்தில் ஆங்கிலக்குரல் ஒன்று இடையிடையே வருமாயின், பெட்டிக்குப் பேய் பிடிக்கவில்லை. விவரணப் பொதி தெரிவாகியிருக்கிறது.

இசை முழங்கப் பேச்சு மட்டும் மெலிந்து கேட்பதும் பலருடைய முறைப்பாடு. பல்முக ஒலியில் பாத்திரங்களின் பேச்சு நடு ஒலிபெருக்கிக்கென்று தனியே வைக்கப்படும். நடு ஒலிபெருக்கி இல்லாத வீட்டில், பெட்டியின் அமைப்பு "சறவுண்ட்" என்று இருந்தால் அந்தப் பேச்சுக்குப் போக்கிடம் இல்லை. ஸ்ரீரியோ என்று மாற்றினால் நடுக்குரல் இருபக்கமும் பகிரப்படும். ஒலி அளவைப் பற்றியும் ஒரு சொல்: பதிவுப்பெட்டிக்கு ஓர் அளவு, தொலைக்காட்சிக்கு ஓர் அளவு என இரண்டு உண்டு. பெட்டியினதை முக்காலுக்கு மேல் வைத்துத் தொலைக்காட்சியினதைக் கொண்டே கூட்டிக் குறைப்பது நல்லது. மறுதலையாகச் செய்தால் இரைச்சல் சேர்ந்து பெருகும்.

மாணவர் சிலர் தொலைக்காட்சிக்குப் பதிலாகக் கணினித் திரையைப் பயன்படுத்துகின்றனர். அத்திரைகள் பலவற்றுக்கு ஒலிபெருக்கியே கிடையாது. டீ.வீ.ஐ. என்னும் பழைய வாய்க்கு மாற்றி போட்டு இணைத்திருந்தால், பெரும்பாலும் அந்த வாய் படத்தை மட்டுமே வாங்கும். அங்கே பழுது தேடுவது வீண். வெள்ளைச் சிவப்புக் கம்பியை ஒரு சிறு ஒலிபெருக்கிக்கு இழுத்தாற் போதும்.

உப்புக் காற்றின் வேலை

கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் அணைத்திருக்கும் ஊர் கிண்ணியா. அங்கே யன்னற் கம்பி எத்துணை விரைவிற் கறல் பிடிக்கும் என்பதை வீட்டுக்காரர் அறிவர். தொலைக்காட்சியின் பின்புறத்தை மட்டும் அந்தக் காற்று விட்டுவைக்குமா? உப்பீரம் படிந்த இடத்தில் செம்பு பச்சைக் களிம்பு பூக்கும். மலிவான செருகிகளின் மேற்பூச்சு உரியும். எச்.டி.எம்.ஐ. செருகியில் 19 முனைகள், ஒவ்வொன்றும் எறும்பின் கால் போன்றவை. அவற்றுட் சில மட்டும் களிம்பேறினால் படமும் ஓசையும் விட்டுவிட்டு வரும். வெள்ளைச் சிவப்புச் செருகியிலோ முதலில் ஒரு பக்கம் ஓய்ந்து, பிறகு கரகரப்பு எழும். கையாற் தொட்டவுடன் ஓசை வந்து, கையெடுத்தவுடன் போகுமாயின் குறை இதுவே.

மருந்து எளிது. எல்லாவற்றையும் மின்னிலிருந்து கழற்றிவிட்டு, வட்டச் செருகியை அதன் இடத்திலேயே நாலைந்து முறை திருகுங்கள்; உராய்வில் களிம்பு கழரும். பின்னர் ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மாட்டுங்கள். உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டாம். இருக்கிற பூச்சும் போய்விடும். தேங்காயெண்ணெய் பூசி வைத்த ஒரு வீட்டையும் கண்டிருக்கிறேன். எறும்புகள் மிக மகிழ்ந்திருந்தன.

ஒலிபெருக்கியை இணைத்தவுடன் ஓயாது முரலும் தடித்த ஓசை வருமாயின், அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேட்ஸ் துடிப்பு. பெட்டியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு இடத்தில் நிலத்தொடுப்புப் பெறுவதால் வருவது. இரண்டையும் ஒரே சொக்கற்றிலிருந்து பிரித்து மாட்டினாற் பெரும்பாலும் அடங்கும். மூன்று முள் பிளக்கின் நிலமுள்ளை வெட்டிவிட்டால் முரல் நிற்கும் என்று சொல்வோர் உளர். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் மழைநாளில் ஈரக்கையோடு அப்பெட்டியைத் தொடும் பிள்ளையின் உயிர் அந்த முள்ளிலே இருக்கிறது. வெட்டலாகாது.

மழையும் மின்வெட்டும்

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் புதிய முறைப்பாடு எழும்: பேச்சு துண்டுதுண்டாய் வருகிறது. பழைய வானலைத் தொலைக்காட்சியில் படம் பனிபெய்ததுபோற் சிதறினாலும் பேச்சு ஓரளவு தெளிவாகக் கேட்டது நினைவிருக்கும். எண்முறையில் அந்தத் தயவு இல்லை. 11, 12 கிகாஹேட்ஸ் அளவில் வரும் செய்மதி அலையை மழைத்துளி உறிஞ்சும். ஓரெல்லை வரையில் எல்லாம் நன்றாயிருக்கும். எல்லை தாண்டியதும் பொதிகள் உதிரும். படப்பொதி நாலைந்து உதிர்ந்தால் திரையில் ஒரு கட்டம் சிதறுவதோடு போகும். ஓசைப்பொதி உதிர்ந்தால் அக்கணமே பேச்சு அறும். கண் மன்னிக்கும், காது மன்னிக்காது. அந்த வேளையிற் பதிந்தது அப்படியேதான் இருக்கும்; எந்த அமைப்பை மாற்றினும் மீளாது. மழை இல்லாத நாளிலும் இதுவே நடந்தால், டிஷ் காற்றில் அசைந்திருக்கிறதா, கம்பி முனையில் நீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2022ஆம் ஆண்டு முற்பகுதியில், ஒருநாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்த காலத்தில், பதிவு நடந்துகொண்டிருக்கையிலேயே பெட்டிகள் அணைந்தன. அப்படி அறுந்த பதிவு பட்டியலில் அரைகுறையாய்த் தோன்றலாம், ஓசையின்றியும் தொடங்கலாம். சில நிமிடம் முன்னே தள்ளி ஓட்டிப் பாருங்கள். பேச்சு வந்து சேரக்கூடும். மின் மீண்டபோது பெட்டியும் தொலைக்காட்சியும் ஒருவரையொருவர் சரியாக அறிந்துகொள்ளாமல் ஓசை நின்றுபோவதும் உண்டு. இரண்டையும் சுவரிலேயே அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, முதலில் தொலைக்காட்சியையும் பிறகு பெட்டியையும் போட்டால் அது தீரும். பதிவுகளுக்கு இதனால் கேடில்லை.

வாயசைவுக்கு முந்தும் பேச்சு

குடாவின் அக்கரையில் ஒருவன் தோணிக்கு ஆணி அறைவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியல் மேலே எழுந்த பிறகே அறைந்த ஓசை வந்து சேரும். ஓசை ஒரு விநாடியில் ஏறத்தாழ 343 மீற்றரே செல்லும். நூறு மீற்றருக்கு அப்பாலென்றால் அது மூன்றிலொரு பங்கு விநாடி பிந்தும். ஆகவே பிந்திவரும் ஓசையை நம் மூளை பிறந்த நாள் முதலாய்ப் பழகியிருக்கிறது. முந்திவரும் ஓசை இயற்கையிலே இல்லை. எனவே அது மிக உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் 1998இல் வெளியிட்ட பரிந்துரை இதனை எண்ணாற் கூறுகின்றது: ஓசை 45 மில்லி விநாடி முந்தினாலே மக்கள் கண்டுகொள்வர், பிந்துவதாயின் 125 மில்லி விநாடி ஆகும் வரை கவனியார்.

புதிய தொலைக்காட்சிகள் படத்தை மெருகிட நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஓசையைப் பதிவுப்பெட்டியிலிருந்து நேரே தனி ஒலிபெருக்கிக்குக் கொடுத்திருந்தால், பேச்சு முந்திக்கொள்ளும். ஒலிபெருக்கியைத் தொலைக்காட்சியிலிருந்து இணைப்பது ஒரு வழி. பெட்டியில் ஒலித்தாமதம் என்னும் அமைப்பைச் சிறிது கூட்டுவது இன்னொரு வழி. ஒரு பதிவில் மட்டும் இக்குறை தோன்றினால், நிறுத்தி, சில விநாடி பின்னே ஓட்டி மறுபடி தொடங்குங்கள். படத்திலும் ஓசையிலும் நேரக்குறி இடப்பட்டிருக்கும். விநாடிக்கு 90,000 துடிப்புள்ள கடிகாரத்தைக் கொண்டு இடப்படுவது அது. பெட்டி அந்தக் குறிகளை ஒத்துப்பார்த்து இரண்டையும் மீளச் சேர்த்துவிடும்.

முதியோர் "பேச்சு விளங்கவில்லை" என்று சொல்லும்போது மட்டும் பெட்டியை நோக்க வேண்டாம். வயதேற முதலிற் குறைவது மெல்லிய உயர்சுருதி ஓசைகளைக் கேட்கும் திறன். ச, த போன்ற மெய்யோசைகள் மங்க, உயிரோசைகள் மட்டும் எஞ்சும். தட்டைத் தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கியோ பலவற்றிற் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கிறது. ஒலியைக் கூட்டுவதால் வீடு அதிருமே தவிர விளக்கம் வராது. தடித்த ஓசையைக் குறைத்து, பேச்சுத் தெளிவு என்னும் அமைப்பைத் தெரிந்து, அவர் அமரும் இடத்தருகே ஒரு சிறு ஒலிபெருக்கியை வைத்தால் வேறுபாடு தெரியும்.

இனி, பேணவேண்டிய பதிவு ஏதும் உங்கள் பெட்டியில் இருந்தால் ஒரு செய்தி. சந்தா முறைப் பெட்டிகள் பெரும்பாலும் பதிவைப் பூட்டி எழுதுகின்றன. அந்தப் பூட்டின் திறவுகோல் அதே பெட்டியிலேதான் உண்டு. தட்டைக் கழற்றி வேறு பெட்டியிலோ கணினியிலோ மாட்டினால் ஒன்றும் தெரியாது. தொழிற்சாலை நிலைக்கு மீட்கும் கட்டளை பல பெட்டிகளில் பதிவுகளையும் சேர்த்தே அழிக்கும், சில பெட்டிகளில் "பதிவுகளை வைத்திருக்கவா?" என்று கேட்கும் வரி சிறிய எழுத்தில் வரும். வன்தட்டும் நிலையானதன்று, பெட்டிக்குள்ளே கட்கட் என்ற ஓசை கேட்கத் தொடங்கினால் நாள் எண்ணப்படுகிறது. கிண்ணியா வீட்டார் பின்னர் செய்ததே பாதுகாப்பானது. மூத்தவாப்பாவின் உரையை ஓடவிட்டு, வெள்ளைச் சிவப்புக் கம்பி வழியாக வந்த ஓசையை ஒரு கணினிக்குக் கொடுத்துப் பதிந்து, கட்டாருக்கும் ஒரு பிரதி அனுப்பினர். பழைய நாடாவைப் பிரதி எடுத்ததுபோலவே இதற்கும் குறுக்குவழி கிடையாது. ஐம்பது நிமிடப் பேச்சுக்கு ஐம்பது நிமிடம் வேண்டும். அந்நேரத்தில் மின்விசிறியை நிறுத்த வேண்டியதில்லை. ஓசை கம்பி வழியே போவதால் வீட்டுச் சத்தம் அதில் விழாது. பிள்ளைகள் மட்டும் கம்பியில் இடறாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.